200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்... மழை பிடித்தால் முடிப்பதா, நிறுத்துவதா?

"பந்தயமா தம்பி?"

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் தாண்டி தாமல் பக்கம் ஒரு டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றால், முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். பளபளக்கும் ஜாக்கெட், முன்னும் பின்னும் விளக்கு, பின்னாலேயே வரிசையாக இன்னும் நாலைந்து பேர். பந்தயம் இல்லாமல் என்னவாம்?

உண்மையிலேயே பந்தயம் இல்லை. இதற்கு 'பிரவே' என்று பெயர். பிரான்ஸில் பிறந்த வழக்கம். இந்தியாவில் 'ஆடாக்ஸ் இந்தியா' அமைப்பின் வழியாக நடக்கிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. இந்த நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் 'சூப்பர் ராண்டனர்'. வழியில் குறித்த இடங்களில் கையிலுள்ள அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அந்த இடங்களைத் தவிர வேறெங்கும் வீட்டு ஆட்கள் காரில் வந்து தண்ணீர் பாட்டில்கூட நீட்டக் கூடாது. பஞ்சரானால் நீங்களேதான் ஒட்ட வேண்டும்.

வெயிலில் இதெல்லாம் சமாளிக்கலாம். நம் ஊரில் சிக்கல், வடகிழக்குப் பருவமழை.

சென்னையிலிருந்து வாலாஜாபேட்டை வரை போய்த் திரும்பினால் 200ஐத் தாண்டிவிடும். கிளம்பும்போது வடகிழக்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். 80 கிலோமீட்டர் கடந்து தாமலுக்கு வரும்போது, 'நமக்கா இவ்வளவு தெம்பு!' என்று நமக்கே ஆச்சரியமாக இருக்கும். அந்தத் தெம்பில் பாதி காற்றுடையது. திரும்பும்போது அதே காற்று மழையோடு சேர்ந்து முகத்தில் அறையும். மறுபடி தாமலைத் தொடும்போது இன்னும் 80 கிலோமீட்டர் பாக்கி. காலை ஆறு மணிக்குக் கிளம்பியவருக்கு இரவு ஏழரை வரைதான் கெடு. நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதாவது உடம்பு மிகவும் ஓய்ந்துபோன நேரத்தில், ஈரச் சாலையில், இருட்டில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய நெரிசலில் ஓட்ட வேண்டும்.

ஆறுவழிச் சாலைப் பணிகள் வருடக்கணக்காக இழுத்த தடம் இது. ஓரத்தில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளமா, ஜல்லியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. லாரி ஒன்று கடந்தால் சேறு கண்ணை மறைக்கும். சாலையின் வெள்ளைக் கோடு வழுக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் உடனே பிடிக்காது. ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் பிடிக்கும். ஈர டயரில் கண்ணாடித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கும். மழை நாளில் பஞ்சர் அதிகம் என்று சைக்கிள்காரர்கள் புலம்புவது இதனால்தான்.

மழை ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் சோதித்த கதை ஒன்று உண்டு. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் சார்ல் டெரோன் 71 மணி 22 நிமிடங்களில் ஜெயித்தார். இன்று அது பந்தயமல்ல. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், பெரும்பாலானவர்களுக்கு 90 மணி நேரக் கெடு. (அதன் நினைவாகச் சக்கர வடிவத்தில் ஓர் இனிப்பே பிரெஞ்சு பேக்கரிகளில் விற்கிறது. நாம் கோயில் பெயரில் இட்லி செய்கிற மாதிரி.)

2007 ஆகஸ்ட்டில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். மழை விடவே இல்லை. எதிர்க்காற்று வேறு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உரிய நேரத்தில் முடிக்கவில்லை. சாதாரண ஆட்கள் இல்லை. அதே ஆண்டு 200, 300, 400, 600 எல்லாம் முடித்துத் தகுதி பெற்று வந்தவர்கள். நனைந்த உடம்பில் காற்று படப்பட விரல்கள் மரத்துப்போகும். பிரேக்கை அழுத்த முடியாது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. சாப்பிடாததால் இன்னும் குளிரும். தூக்கமும் சேர்ந்தால் முடிவெடுக்கும் புத்தியே மந்தமாகும்.

ஆனால் அந்த இரவுகளிலும் பிரிட்டனி கிராமத்து மக்கள் வாசலில் மேஜை போட்டு காபியும் தின்பண்டமும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஒரு குடும்பம் மட்டும், 'ஊருக்குப் போனதும் ஒரு தபால் அட்டை போடுங்கள், போதும்' என்று கேட்குமாம்.

2019இல் 300க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே ஓட்டினார்கள். அந்த முறை மழையல்ல, பிரெஸ்ட் வரை எதிர்க்காற்றும் இரவுக் குளிரும். பெரும்பாலானவர்களால் நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. சமவெளியிலும் வெயிலிலும் பழகிய கால்களுக்கு, 10,000 மீட்டருக்கு மேல் ஏற்றம் உள்ள குளிர்ப் பாதை வேறு உலகம். அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாம் இங்கே பாதியில் நிறுத்தியவரிடம், 'இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுட்டியே!' என்று கேட்டுவிடுகிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் இடி மின்னலிலும் மிதிக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் வானம் கருத்தால் நெசவாளர் தெருவில் பாவு நீட்டுவதைத் தள்ளிப்போடுவார். அவரை யாரும் கோழை என்பதில்லையே.

பழகியவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. இடி இடித்தால் திறந்த வெளியில் ஓட்டாதே. விரல்கள் பிரேக்கை முழுதாக அழுத்தவில்லை என்றால் நிறுத்து. பின்விளக்கு அணைந்து, மாற்று விளக்கும் இல்லை என்றால் அத்தோடு பயணம் முடிந்தது. வெறும் கால்வலி, அலுப்பு என்றால் உடனே முடிவெடுக்காதே. சூடாக ஏதாவது சாப்பிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் யோசி.

அட்டையையும் போனையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிவைக்க மறக்காதீர்கள். முத்திரை போட ஆள் இல்லாத இடங்களில் ஏ.டி.எம் சீட்டோ, ஓட்டல் பில்லோதான் அத்தாட்சி. நனைந்தால் அது கஞ்சியாகிவிடும்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால் முதலில் அமைப்பாளருக்கு போன் செய்யுங்கள். சொல்லாமல் பஸ் ஏறி வீட்டில் போய்த் தூங்கிவிட்டால், உங்களைத் தேடி யாராவது அந்த மழையில் டார்ச் அடித்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமெல்லாம் அலைந்துகொண்டிருப்பார்கள்.