கையொப்பமில்லாத கடிதம்

எங்கள் திருகோணமலை ஓர்ஸ் ஹில் மேட்டில் அந்தி சாய்ந்து, கீழே உள்துறைமுகத்து நீர் கறுக்கத் தொடங்கும் வேளையில், விறாந்தையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு ஸ்ரீ ரமண மகரிஷியின் சரித்திரத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். படிக்குந்தோறும் என் மனம் முதலில் போய் நிற்பது அவருடைய உபதேசங்களில் அன்று, பதினாறு வயதுப் பையனாக வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவர் எழுதிவைத்துச் சென்ற ஒரு துண்டுக் கடிதத்தில்தான்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன் (மகரிஷியின் இளமைப்பெயர் இதுவே), தகப்பனாரை இழந்தபின் மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலை மாதத்தில் ஒருநாள், அவ்வீட்டு மாடியறையில் தனியே இருந்தபோது, தேகத்தில் யாதொரு நோயும் இல்லாதிருக்க, இதோ சாகப்போகிறேன் என்ற பயம் திடீரென்று அவரைப் பற்றியது. வைத்தியரைத் தேடி ஓடாமலும், பெரியவர்களைக் கூப்பிடாமலும், மரணம் இன்னதென்று தாமே பார்த்துவிடத் துணிந்து, நீட்டிப் படுத்து, கைகால்களைக் கட்டைபோல் விறைப்பாக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இச்சரீரம் சுடுகாட்டில் சாம்பலானால் அதனோடு 'நான்' என்பதும் அழியுமோ என்று உள்நோக்கினார். சரீரம் சவமாய்க் கிடக்க, அதற்கு வேறாக 'நான்' பிரகாசித்துக்கொண்டிருப்பது அநுமானமாக அல்ல, பிரத்தியட்சமாகவே தெரிந்தது. மரணபயம் அன்றோடு தொலைந்தது. அதன்பின் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று, நம் கோணமலையைப் பதிகம் பாடிய சம்பந்தர் முதலான அறுபத்துமூன்று நாயன்மார் திருவுருவங்களின்முன் கண்ணீர் பெருக நிற்பதே அவருக்கு வழக்கமாயிற்று. படிப்பில் மனம் செல்லவில்லை.

ஆகஸ்டு 29ஆம் தேதி தமையனார் கடிந்துகொண்டதும், அவருடைய காலேஜ் சம்பளத்துக்கென்று எடுத்துப்போகச் சொல்லியிருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். தகப்பனாரை, அதாவது அண்ணாமலையாரை, தேடிப் போவதாகச் சொல்லும் அக்கடிதத்தின் முதல் வாக்கியத்தில் 'நான்' இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் 'நான்' போய் 'இது' வந்துவிடுகிறது. கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. வேதாந்தம் எதுவும் கற்றிராத பையன், சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று தமையனாருக்கு நினைவூட்டும் சிறு கடிதத்தில், தன்னையறியாமலே இப்படி எழுதினார். செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலையை அடைந்தவர், ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குமேல் அங்கேயே இருந்தார்.

அம்மலையிலுள்ள விரூபாக்ஷ குகையில் பேச்சற்றிருந்த நாட்களில், ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து வினாக்கள் கேட்க, விடைகளை மகரிஷி எழுதியே காட்டினார். அவையே 1923இல் 'நான் யார்?' என்ற சிறு நூலாக வெளிவந்தன. அந்நூல் காட்டும் ஆத்மவிசாரம் என்றால் அந்த வினாவை ஜபம்போல உருப்போடுவது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. அது பெரும் பிழை. எந்த எண்ணம் எழுந்தாலும், அது கோபமாயினும் கவலையாயினும், இது யாருக்கு உண்டாயிற்று என்று பார்த்தால், 'எனக்கு' என்று தோன்றும். அந்த 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்று திரும்பிப் பார்க்கவே, வெளியே ஓடிய மனம் பிறந்த இடத்துக்கு மீண்டு ஒடுங்கும். பிணத்தைச் சுடுகையில் கிளறிவிடும் கோலும் முடிவில் அந்நெருப்பிலேயே வெந்துபோவதுபோல, 'நான் யார்' என்ற வினாவும் மற்ற எண்ணங்களை எரித்துத் தானும் எரிந்துவிடும் என்பது மகரிஷி காட்டிய உவமை.

அப்படி எண்ணங்கள் ஒடுங்கிய இடத்தில் பேச்சுக்கு வேலையில்லை போலும். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் அண்ணாமலைக்குச் சென்று மகரிஷியைத் தரிசித்தபோது, இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள் என்று நம்மவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

1938இல் ஆச்சிரமத்துக்காக உயில் ஒன்று எழுதப்பட்டபோது, மகரிஷி அதைக் கேட்டு ஒப்புக்கொண்டு, பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார்.