ஒரே முகம்... ஆனா வேற வேற இனம்! கொம்பன் சுறாக்களைப் பிரிச்சுக் காட்டிய முதுகெலும்பு

சுத்தியல் மாதிரி தலை, அதன் இரு முனையிலும் கண்கள். கொம்பன் சுறாவை அடையாளம் காண யாருக்கும் சிரமமில்லை. ஆனால் அமெரிக்காவின் தெற்கு கரோலினா கடலில் சிக்கும் கொம்பன் எந்த இனம் என்று கேட்டால், பழுத்த மீனவரும் கையை விரிக்க வேண்டியதுதான். காரணம், அங்கே ஒரே மாதிரி தோற்றமுள்ள இனம் ஒன்றல்ல, ரெண்டு.

முதலாவது 'ஸ்காலப்டு' கொம்பன். தலையின் முன்விளிம்பு அலை அலையாக வளைந்திருக்கும். உலகின் வெப்பக் கடல்கள் பலவற்றில், நம்ம வங்கக் கடலிலும் உண்டு. இரண்டாவது கரோலினா கொம்பன். அதே தலை, அதே வளைவு, அதே துடுப்பு. வெளியே பார்த்து பிரிக்கவே முடியாது.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. வால் தொடங்கும் இடம் வரை முதுகெலும்புக் கண்ணிகளை எண்ணினால் ஸ்காலப்டுக்கு 92 முதல் 99. கரோலினாவுக்கு 83 முதல் 91. (சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான். பழக்கத்தில் முதுகெலும்பு என்கிறோம்.)

இதை முதலில் கவனித்தவர் கார்ட்டர் கில்பர்ட். சார்ல்ஸ்டன் அருகே பிடிபட்ட ஒரு 'ஸ்காலப்டு' சுறாவுக்கு சுமார் 10 கண்ணிகள் குறைவு என்று 1967-ல் பதிவு செய்தார். விநோதமான ஒரு மீன் என்பதோடு விஷயம் நின்றுபோனது. பல பத்தாண்டுகள் கழித்து, தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜோ குவாட்ரோ குழு அந்தக் கடலோர மீன்களின் மரபணுவை ஆராய்ந்தபோது, ஒரே பெயருக்குள் இரண்டு தனி வம்சங்கள் தெரிந்தன. அருங்காட்சியகத்தில் இருந்த கில்பர்ட்டின் மாதிரியையும் எடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் புது இனம் அறிவிக்கப்பட்டது. பெயர்: ஸ்பிர்னா கில்பர்டி.

சரி, முள்ளை எண்ணி என்ன ஆகப்போகுது?

ஸ்காலப்டு கொம்பன் இன்று மிக அபாய நிலையில் இருக்கும் இனம். எத்தனை பிடிக்கலாம், எத்தனை மிச்சம் என்ற கணக்கில் கரோலினாவும் இத்தனை காலம் அதன் பெயரிலேயே ஏறியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பகுதியில் ஸ்காலப்டு நாம் நினைத்ததைவிடக் குறைவு. கரோலினாவோ அதைவிட அரிது. தெற்கு கரோலினாவுக்கு வெளியே பார்த்த சில நூறு மாதிரிகளில் ஐந்து மட்டுமே அந்த இனம் என்றது குவாட்ரோ குழு. கணக்கில் தனிப் பெயரே இல்லாத ஒன்று குறைந்துகொண்டே போனால் யாருக்குத் தெரியும்?

2019-ல் இன்னொரு சிக்கல். இரண்டு இனங்களும் கலந்து குட்டி போடுவது தெரியவந்தது. அந்தக் கலப்பைக் காட்டிக்கொடுத்ததும் மரபணுச் சோதனைதான்.