மலை இறங்கும் முன்பே பேச வேண்டியது

நீலகிரியில் நோய் முற்றியவரின் குடும்பம் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவதா, வேண்டாமா? பரவிவிட்ட புற்றுநோய், செயலிழந்த சிறுநீரகம், பலவீனப்பட்ட இதயம், குளிரில் இன்னும் மோசமாகும் நுரையீரல் நோய் என எதுவானாலும், மூச்சு முட்டும் இரவில் 108 ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது நோயாளியால் பேச முடியாது. பிள்ளைகளுக்கு யோசிக்க நேரம் இல்லை. நாளைக்கு ஊரும் உறவும் ‘கொண்டுபோய்ப் பார்த்தீங்களா?’ என்று கேட்குமே என்ற பயமும் சேர்ந்துகொள்ள, வண்டி மலை இறங்குகிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே, அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இந்தப் பேச்சைத் தொடங்கிவைப்பதைத்தான் முன்கூட்டிய சிகிச்சைத் திட்டமிடல் என்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எஸ்டேட் டிஸ்பென்சரியிலும் தொடங்க வேண்டிய பேச்சு இது. ஐசியூ வாசலில் தொடங்கினால் காலம் கடந்துவிடுகிறது.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில், கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குணமாக வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று ஒருவர் முன்பே எழுதிவைக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையால் அந்த உரிமை ஏட்டோடு நின்றது. 2023 ஜனவரியில் அதை நீதிமன்றமே தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். அதிகம் பேசப்படாத ஒரு வரியும் அதில் உண்டு: குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் ஒரு நகல் தர வேண்டும். ஆனாலும் இந்த ஆவணம் முக்கியமாகப் பேசுவது கருவிகளைப் பொருத்துவதையும் விலக்குவதையும் பற்றித்தான். மலையில் இருப்பவருக்கு அதற்குப் பல மணி நேரம் முன்பே, ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே, பாதி முடிவு ஆகிவிடுகிறது.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனாலும் கூடலூர்க்காரருக்கு ஊட்டியே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர் அதற்கும் அப்பால். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் சாலையில் மண் சரிந்தால் கோவை இன்னும் தூரமாகிவிடும். போன இடத்தில் உயிர் பிரிந்தால், உடலை மலையேற்றிக் கொண்டுவரும் வண்டி வாடகைக்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளி கடன் வாங்க நேரும். (ஐசியூ பில்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வாடகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.)

பேசுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கான வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. கூடலூரில் ‘அஸ்வினி’ அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிகளையே சுகாதாரப் பணியாளர்களாக்கி 1990 முதல் இயங்குகிறது. மாத்திரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது, வீட்டில் யார் சொல் செல்லும் என்பதெல்லாம் தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டுக்குள் வந்துபோகும் நர்சுக்குத் தெரியும்; கோவை நிபுணருக்குத் தெரியாது. எழுத வேண்டியதும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது: நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நோயாளி எதற்கு அதிகம் அஞ்சுகிறார், மூச்சுத் திணறினால் முதலில் என்ன கொடுப்பது, எந்த நிலை வரை ஊட்டி, எதற்கு மேல் வீடு, அவரால் பேச முடியாதபோது யாரைக் கேட்பது.

இதனால் பலன் உண்டா? மெல்பர்னில் 80 வயதைத் தாண்டிய 309 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. இறந்தவர்களில், முன்கூட்டிப் பேசியிருந்தவர்களின் விருப்பம் தெரிந்து மதிக்கப்பட்டது 86 சதவீதம். மற்றவர்களிடம் 30 சதவீதம்தான். மறுப்பும் வந்தது. 2021-இல் மாரிசன், மையர், அர்னால்ட் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள், காகிதத்தில் எழுதியது நெருக்கடி நேரத்தில் உதவுவதில்லை, நோயாளியின் மனமும் மாறுகிறது என்று வாதிட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் பயனில்லை. வீட்டுக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் நோயாளியின் விருப்பத்தை மறுபடி கேட்க வேண்டும். ஒரு தடவை பார்த்து அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரியைவிட, மாதந்தோறும் கதவைத் தட்டும் நர்சால்தான் அது முடியும்.

சாவைப் பற்றிப் பேசினால் நோயாளி நம்பிக்கை இழப்பார் என்பது இன்னொரு பயம். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு, 2010-இல் வேறு விதமாகச் சொன்னது: ஆரம்பத்திலேயே வலி நிவாரண ஆதரவு சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அவர்கள் சராசரியாக அதிக நாள் வாழவும் செய்தார்கள்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம், ‘ஏழைக்குச் சிகிச்சையை மறுக்க இது நல்ல சாக்கு’ என்பது. தோட்டத் தொழிலாளரும் ஆதிவாசிகளும் காலங்காலமாகக் கைவிடப்பட்ட மலையில் இந்தச் சந்தேகம் எழாவிட்டால்தான் ஆச்சரியம். ‘கோவைக்குக் கொண்டுபோங்கள்’ என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம், அப்படி எழுதினால் வண்டி வரும் என்ற உறுதி இருந்தால்தான் இந்தப் பேச்சு நேர்மையானது. வீட்டிலேயே இருக்கிறேன் என்பவருக்கு மார்பின் மாத்திரை கிடைக்க வேண்டும். அதன் உரிம விதிகளை 2014-இல் மத்திய அரசு எளிதாக்கிவிட்டது. மலையோர மருந்து அலமாரி வரை அது வந்து சேர வேண்டும். மருந்து இல்லாமல் விருப்பத்தை மட்டும் கேட்டு எழுதுவது ஏமாற்று.

நீலகிரி சுகாதாரத் துறை, வீடு தேடிப் போகும் நர்சின் பதிவேட்டில் இந்த ஒரு பக்கத்தைச் சேர்க்கலாம். அதுவரை, வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை நர்சோ டாக்டரோ வரும்போது நீங்களே இந்தப் பேச்சை எடுங்கள். நோயாளியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.