மூட்டைக்கு அடியில் ஒரு பலகை: கடைக்கு வேண்டிய மரவேலையை நாமே செய்துகொள்ளலாம்



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் மளிகைக் கடைக்காரருக்குத் தூக்கம் கெடும். மேலே கூரை ஒழுகாவிட்டாலும் கீழே தரை ஈரம் கசியும். அடிமூட்டையில் சர்க்கரை கசிந்து கட்டியாகும், பருப்பில் பூசணம் பிடிக்கும். கடலூர் மாவட்ட வணிகர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலையும் 2015 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்கள் நாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 2 ரூபாய் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டை வீணாவது ஐம்பது மூட்டை விற்ற லாபத்தைக் கொண்டுபோய்விடும். மூட்டைக்கு அடியில் ஒரு பலகை இருந்தால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி மிச்சம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளின் நான்காம் அட்டவணையும் இதைத்தான் சொல்கிறது: சரக்கைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும்.

எந்த மரம் வாங்கலாம்?

நெய்வேலியிலும் மந்தாரக்குப்பம், வடலூர் பக்கமும் கடை வைத்திருப்பவர்களுக்குப் பண்ணுருட்டி அருகிலேயே இருக்கிறது. பலா அங்கே பழத்துக்கு மட்டுமல்ல, மரத்துக்கும் பேர் போனது. தஞ்சாவூர் வீணை செய்வதும் பலா மரத்தில்தான். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, நாளாக ஆகப் பழுப்பேறும். வைரம் பாய்ந்த பலாவைக் கரையான் எளிதில் அண்டாது. தானே புயலில் அந்த வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரிக் கட்டையைப் பலகைக்கு வாங்க வேண்டாம். பூச்சி விழும், அது அடுப்புக்குத்தான் சரி.

பச்சை மரத்தை வாங்கியவுடன் வேலை செய்யக் கூடாது. காய்ந்தபின் வளையும், வெடிக்கும். ஓர் அங்குல கனப் பலகை நிழலில் காய ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. பலகைகளுக்கு நடுவே சிறு குச்சிகளை வைத்து, காற்றுப் போகும்படி அடுக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும். அது மூட்டைக்கு ஆகாது.

சரக்குப் பெட்டிகளோடு வரும் பழைய மரச்சட்டங்களைப் பிரித்துப் பயன்படுத்துவோரும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கோடு வந்தது என்றால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை காட்டியது. இரண்டாவதை உணவுப்பொருள் இருக்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

மூட்டைப் பலகை செய்யும் முறை

நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் போதும். 4 அங்குல அகலமும் ஓர் அங்குல கனமும் உள்ள நான்கு அடிப் பலகை ஐந்து. மூன்றுக்கு மூன்று அங்குலத்தில் இரண்டு அடிக் கட்டை மூன்று. கட்டைகளை இரு ஓரத்திலும் நடுவிலும் கிடத்தி, மேலே பலகைகளை ஓரங்குல இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஐந்து பலகையும் நான்கு இடைவெளியும் சேர்ந்து சரியாக இரண்டு அடி வரும்.

முடுக்குமுன் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கோணல் இல்லை. ஒவ்வொரு பலகையும் கட்டையைத் தொடும் இடத்தில் இரண்டு திருகாணி, ஆக முப்பது. இரண்டரை அங்குலத் திருகாணி நன்றாகப் பிடிக்கும். முதலில் சிறு துளை போட்டு, திருகாணியில் மெழுகுவத்தியைத் தேய்த்து முடுக்கினால் மரம் பிளக்காது.

மொத்த மரம் ஒரு கன அடிக்கு உள்ளேதான் வருகிறது. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கோடு மரக்கடைக்குப் போனால் எவ்வளவு கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்பது நமக்கே தெரியும்.

கட்டைகள் முன்னிருந்து பின்னாகப் போவதால் துடைப்பத்தை உள்ளே விட்டுப் பெருக்கலாம், எலி தங்கினாலும் கண்ணில் படும். சுவருக்கும் பலகைக்கும் ஒரு சாணாவது இடம் விடுங்கள்.

தராசு மேசை

எலக்ட்ரானிக் தராசு பலவற்றில் நீர்க்குமிழி மட்டம் இருக்கிறது. குமிழி நடுவில் நின்றால்தான் எடை சரியாகக் காட்டும். ஆடுகிற மேசை மேல் தராசை வைத்துவிட்டு, எடையில் சந்தேகப்படும் வாடிக்கையாளரைக் கோபித்துப் பயனில்லை. மேசைக் கால்களுக்கிடையே பின்புறமும் பக்கங்களிலும் சாய்வாக ஒரு சட்டம் அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். குட்டையான காலுக்கு அட்டையை மடித்து வைக்காமல் மரச்சில்லு ஒட்டுங்கள். அட்டை நாளடைவில் நசுங்கும்.

சில யோசனைகள்

வாடகைக் கடையில் இருப்பவர்கள் தட்டுகளைச் சுவரில் பதிக்காமல் போல்ட், நட்டு போட்டுத் தனியாக நிறுத்தினால், கடை மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். வார்னிஷ் அடித்தால் வாசனை முழுவதும் போனபிறகே சரக்கு வையுங்கள். தேயிலையும் மாவும் வாடையை இழுத்துக்கொள்ளும். பழைய இயந்திர எண்ணெயைப் பூசும் வழக்கம் உணவுப்பொருள் கடைக்கு அறவே ஆகாது. ரம்பம், சுத்தியல், திருப்புளி, மூலைமட்டம், உப்புத்தாள், கை டிரில் இவ்வளவும் இருந்தால் தொடங்கிவிடலாம். மரத்தூள் பறக்கும் வேலையைக் கடைக்குள் செய்யாமல் கொல்லையில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று சொல்லவில்லை. தலைக்கு மேலே பாரம் தாங்கும் பரணும் கடைக் கதவும் தச்சர் கையால்தான் ஆக வேண்டும். அவருக்குரிய கூலியில் பேரம் வேண்டாம். மூட்டைப் பலகை மட்டும், கடைக்கு விடுமுறை விடும் ஒரு நாளில் வீட்டுப் பிள்ளைகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு முடிக்கக்கூடிய வேலை. ஆடி, ஆவணியிலேயே மரத்தை எடுத்து அறுத்துவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் மூட்டைகள் பலகை ஏறிவிடும்.