ஒரே ஆல்பம், வேற வேற சத்தம்: 'டெத் மாக்னடிக்' பதிப்புகளை எப்படி ஒப்பிடுவது?

மெட்டல் கேட்கிறவங்ககிட்ட "இந்த ஆல்பத்துல எந்தப் பதிப்பு நல்லா இருக்கும்?"னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் யோசிக்காமல் "வினைல்தான்" என்பார்கள். சில சமயம் அது சரி. பல சமயம் யாரும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கே சறுக்குகிறோம் என்று புரிந்துகொள்ள மெட்டாலிக்காவின் 'டெத் மாக்னடிக்' நல்ல உதாரணம்.

2008 செப்டம்பரில் வந்த ஆல்பம் இது. தயாரிப்பு ரிக் ரூபின். அதே சமயத்தில் பாடல்கள் 'கிட்டார் ஹீரோ 3' வீடியோ கேமிலும் வந்தன. கேமில் ஆடுபவர் ஒரு நோட்டைத் தவறவிட்டால் கிட்டார் ஒலி மட்டும் நிற்கணும். அதனால் ஒவ்வொரு கருவியின் டிராக்கும் தனித்தனியாகத் தேவைப்பட்டது. சிடிக்காகக் கடைசியில் செய்த அழுத்தம் அவற்றின் மேல் விழவில்லை. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது குட்டு உடைந்தது.

அதென்ன அழுத்தம்? டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, தாண்ட முடியாது. அதற்கு மேலும் பாட்டு சத்தமாகக் கேட்கணும்னா, மெல்லிய ஒலிகளை மேலே தூக்கி, பெரிய ஒலிகளின் தலையை வெட்டணும். முதலில் அடிபடுவது டிரம்ஸ். 'டப்'னு விழ வேண்டிய அடி 'பொத்'னு விழும். வெட்டு அதிகமானால் அலையின் உச்சி தட்டையாகி, ஒலி கரகரக்கும். இதுதான் கிளிப்பிங்.

சிடி, கேம் பதிப்பைவிட சுமார் 10 டெசிபல் சத்தமானது. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தன்னிடம் வந்து சேரும்போதே மிக்ஸ் அப்படித்தான் நசுங்கியிருந்தது என்றார். மறுபடி மிக்ஸ் பண்ணச் சொல்லி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போ ஒப்பிடுவதற்கு வருவோம். இதில் இரண்டு பொறிகள் இருக்கு.

முதல் பொறி, வால்யூம். கொஞ்சம் சத்தமாக இருப்பதை நம் காது 'நல்ல ஒலி' என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும், தீர்ப்பு மாறிவிடும். நானும் இப்படிப் பல வருஷம் ஏமாந்திருக்கேன். அதனால் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் திறந்து, சத்தமானதைக் குறைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. பிறகு எது ஓடுதுன்னு தெரியாதபடி நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்க. 'டெத் மாக்னடிக்' சிடி தோற்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது பொறி, எண். டைனமிக் ரேஞ்ச் மீட்டர் வினைலுக்குப் பெரும்பாலும் கூடுதல் எண்ணைக் காட்டும். சிடியின் அதே மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டாக இருந்தாலும் அப்படித்தான். தட்டில் பதிந்து ஊசி வழியாகத் திரும்பி வரும்போது அலையின் வடிவம் கொஞ்சம் கலைகிறது. தட்டையான உச்சிகள் மறுபடி கூர்மையாகத் தெரியும். படம் அழகாகிவிடும், ஆனால் உள்ளே ஏறிய கரகரப்பு போகாது. எண்ணை நம்பாமல் ஸ்னேர் அடியைக் கேளுங்க.

கேம் பதிப்புதான் 'உண்மையான' ஆல்பமா? அப்படியும் சொல்ல முடியாது. அது கேமுக்காகச் சேர்த்த கலவை. கருவிகளின் சமநிலை சிடியில் இருப்பது போலவே இருக்காது. இசைக்குழு ஒப்புதல் கொடுத்து வெளியிட்டது சிடியைத்தான்.

ஆனாலும் எனக்கு வருத்தம் உண்டு. 'தி டே தட் நெவர் கம்ஸ்' மெதுவாகத் தொடங்கி வெறியோடு முடியும் பாட்டு. அமைதி இருந்தால்தானே இடி இடியாகக் கேட்கும்? எல்லாமே ஒரே உயரத்தில் இருந்தா எதுவுமே உயரம் இல்லை.

அடுத்த முறை விலை கூடிய ஒரு பதிப்பை வாங்கப் போகும்முன் "வினைலா, சிடியா?"ன்னு கேட்காதீங்க. "எந்த மாஸ்டர்?"னு கேளுங்க.