அழற்சி: காயத்திற்கு உடல் தரும் மறுமொழி

காயம்பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதை மருத்துவம் அழற்சி என்கிறது. தீயைக் குறிக்கும் 'அழல்' என்னும் சொல்லின் அடியாக இக்கலைச்சொல் அமைந்துள்ளது. இந்நான்கு அறிகுறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய அறிஞர் செல்சஸ் பதிவு செய்துள்ளார். அழற்சியை 'வீக்கம்' என்றே எழுதும் வழக்கமும் உண்டு. ஓர் அறிகுறியின் பெயரை முழு நிகழ்வுக்கும் சூட்டுவது பொருந்தாது. அழற்சியைத் தொற்றாகக் கருதுவது அதனினும் பெரும்பிழை. தொற்று என்பது கிருமி உட்புகுந்து பெருகுவது. அழற்சியோ உடல் தரும் மறுமொழி. கிருமி ஏதும் நுழையாத சுளுக்கிலும் கணுக்கால் வீங்குவது இதற்குச் சான்றாகும்.

திசு சிதைந்தவுடன் அங்குள்ள மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. நுண்ணிய இரத்த நாளங்கள் விரிந்து இரத்த ஓட்டம் மிகுவதால் சிவப்பும் வெப்பமும் தோன்றுகின்றன. நாளச் சுவரில் இடைவெளிகள் உண்டாகிப் புரதம் கலந்த நீர்மம் திசுவினுள் கசிவதே வீக்கமாகும். பிராடிகைனின் நரம்பு முனைகளைத் தூண்ட, புரோஸ்டாகிளாண்டின்கள் அவற்றின் கூருணர்வை மிகுவிக்கின்றன. அதனாலேயே காயத்தை இலேசாகத் தொட்டாலும் வலிக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்பதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார்.

எனினும், புறத்தே தெரியும் இவ்வறிகுறிகள் அழற்சியின் சாரம் அல்ல. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் இலியா மெச்னிக்காஃப் ரோஜா முட்களைச் செருகினார். மறுநாள் முட்களைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் திரண்டிருந்தன. அவ்வுயிரிக்கு இரத்த நாளங்களே இல்லை. ஆகவே சிவத்தலுக்கும் இடமில்லை. சிதைவுற்ற இடத்தை நோக்கி விழுங்கணுக்கள் திரள்வதே அழற்சியின் மையம் என்னும் கருத்து இங்கிருந்து வலுப்பெற்றது. மனித உடலில் முதலில் சில மணி நேரத்திற்குள் நியூட்ரோஃபில்களும், அவற்றைத் தொடர்ந்து ஓரிரு நாள்களில் மேக்ரோஃபேஜ்களும் வந்து சேர்கின்றன.

அழற்சி தானாகத் தணிந்துவிடுவதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மையில் தணிதலும் ஒரு வினைப்பாடே. பணி முடித்து மடிந்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. பின்னர், திசுவைச் சீரமைக்கும் வேதிக்குறிகளை வெளியிடுகின்றன. இக்கட்டம் நிறைவேறாவிடில் அழற்சி நாட்பட்டதாகித் திசுவையே அரிக்கிறது. முடக்குவாதத்தில் மூட்டுக் குருத்தெலும்பு சிதைவது இவ்வாறே. மாறாக, அழற்சியை முற்றாக அடக்கினாலும் காயம் ஆறுவதில்லை. ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்வோருக்கு அறுவைச் சிகிச்சைப் புண் ஆறத் தாமதமாவது மருத்துவர்கள் நன்கறிந்த சிக்கலாகும்.