கடல் விட்டுச்சென்ற நிலம்

கடற்கரை என்றவுடன் நாகூரும் காயல்பட்டினமும் நம் நினைவிற்கு வரும். பெரம்பலூரும் அரியலூரும் வருவதில்லை. ஆயினும் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள பல ஊர்கள் கடலடியில் இருந்தன. காரை ஓடைகளில் காணப்படும், கல்லாகிப்போன சிப்பிகளே அதற்குச் சான்று. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்தில், தேசியப் புவியியல் சின்னமாக வேலிக்குள் காக்கப்படுகிறது. அதே கடலின் படிவுகளான சுண்ணாம்புக்கல்லோ அரியலூர் ஆலைகளில் சிமெண்டாகிறது. அதனால் பலர் பிழைக்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அரைபட்ட புதைபடிவம் மீளாது. ஆலைகளை மட்டும் குறைகூறுதல் முறையன்று. சுற்றுலா செல்லும் நம் மாணவரும் நினைவுப்பொருளாகச் சிப்பிகளைப் பையில் இட்டு வருகின்றனர். எந்தப் பாறையடுக்கில் கிடந்தது என்று அறியப்படாத சிப்பியைக் கொண்டு அதன் காலத்தைக் கணிப்பது அரிது.